1962-க்குப் பிறகும் எங்கள் வீடுகளில் மிச்சமிருக்கும் பிரான்ஸ்

மிஷன்வீதிக்காரன் | வெள்ளி, இரவு 9.15

போன வாரம் சென்னையிலிருந்து வந்த நண்பர்களைப் புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் அழைத்துப் போனேன். மஞ்சள் சுவர்கள், மதிலுக்கு மேல் காகிதப்பூக் கொடி, நீலத் தகட்டில் பிரெஞ்சிலும் தமிழிலும் வீதிப் பெயர், போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. எல்லாவற்றையும் படம் எடுத்து முடித்த பிறகு ஒருவர் கேட்டார், "அப்போ பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போனது இவ்வளவுதானா?" என்று. எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அம்மாவின் அப்பாவும் அவருடைய அண்ணனும் முத்தியால்பேட்டையில் ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். 1956-லேயே ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் அல்ஜீரியப் போர் முடியும்வரை பாரீஸ் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. நடுவில் இருந்த அந்த எட்டு வருடமும் எங்கள் ஊர்க்காரர்கள் இந்திய நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்த பிரெஞ்சுப் பிரஜைகள்.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். இங்கே பிறந்து இங்கேயே குடியிருப்பவர்கள், எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் எழுதித் தராவிட்டால் இந்தியர். ஏறக்குறைய 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். பெரிய தாத்தா கொடுத்தார். என் தாத்தா கொடுக்கவில்லை.

அன்று பிரிந்த குடும்பம்தான் எங்களுடையது. பெரிய தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் பேச்சில் 'சொல்தா'. இந்தோசீனாவில் சண்டை போட்டவர். அவருடைய பேரப்பிள்ளைகள் லிசேயில், அதாவது பிரெஞ்சுப் பள்ளியில் படித்தார்கள், இப்போது பாரீஸ் பக்கம் இருக்கிறார்கள். என் அம்மா முனிசிபல் குழாயில் தண்ணீர் பிடித்து, அரசுப் பள்ளி ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் 'பிரெஞ்சு நேஷனாலிட்டி' என்பதுதான் முதல் வார்த்தை. படிப்பு, வேலை எல்லாம் அப்புறம். கல்யாண வீட்டில் நாங்கள் ஒரு பக்கம் உட்காருவோம், அவர்கள் ஒரு பக்கம். யாரும் சண்டை போட்டதில்லை, ஆனாலும் அப்படித்தான் உட்காருவோம்.

கடற்கரையில் இருந்த மேரி (நகராட்சி) கட்டடம் 2014-ல் மழையில் இடிந்து விழுந்தது. அதே மாதிரி புதிதாகக் கட்டி 2021-ல் திறந்துவிட்டார்கள். சுவரைத் திரும்ப எழுப்பிவிடலாம். 1963 பிப்ரவரிக்குள் போடாமல் விட்ட கையெழுத்தை இனி யாரும் போட முடியாது. ஒரு பேரரசு கிளம்பிப் போன பிறகு அதிக நாள் நிற்பது கட்டடத்திலா, சாப்பாட்டிலா, மொழியிலா? காகிதத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் எப்படி?

---

அரசலாற்றங்கரை | வெள்ளி, இரவு 10.02

அண்ணா, நான் காரைக்கால். நீங்கள் சொல்வது எங்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். எங்களிடம் மஞ்சள் சுவரும் கிடையாது, படம் எடுக்க வருகிறவர்களும் குறைவு. எல்லாம் காகிதம்தான்.

எங்கள் ஊராட்சிக்குப் பெயர் கொம்யூன் பஞ்சாயத்து. திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் என்று ஐந்து. கொம்யூன் பிரெஞ்சுச் சொல் என்று என் பாட்டிக்குக் கடைசிவரை தெரியாது. "கொம்யூனுக்குப் போயி வரி கட்டிட்டு வா" என்பார். 1968-ல் தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006-ல்தான். 38 வருடம் பெயர்ப்பலகை மட்டும் கொம்யூன் என்று நின்றது, உள்ளே நாங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் ஒருவரும் இல்லை.

அப்புறம் எல்லை. சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் நாங்கள். ஆற்றுத் தண்ணீர், நெல், பேச்சு எல்லாம் ஒன்றுதான். ஆனால் மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள், நாங்கள் காவிரிக் கடைமடையில். இந்த நான்கு ஊரும் ஒரே அரசாங்கமாக இருக்க பூகோளத்தில் காரணமே கிடையாது. பிரெஞ்சுக் கப்பல் எங்கெங்கே நங்கூரம் போட்டதோ அதுதான் காரணம்.

1979 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கும் பேச்சு எழுந்தது. புதுச்சேரி கொந்தளித்தது. துப்பாக்கிச்சூடு வரை போனது. என் அப்பா அப்போது புதுச்சேரியில் கல்லூரி மாணவர், கூட்டத்தில் நின்றவர். பிரெஞ்சுக்காரன் போட்ட எல்லைக்கோட்டைக் காப்பாற்றவா நின்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அது எங்க ஊருடா, கோடு யாரு போட்டா என்ன" என்றார். அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவிலேயே, இந்தப் பகுதிகளின் நிலையை மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1908-ல் பாரதியார் ஆங்கிலேயர் கையில் சிக்காமல் தப்பி வந்தது இந்த எல்லைக்கோட்டைத் தாண்டித்தான். பத்து வருடம் புதுச்சேரியில் இருந்தார். வ.வே.சு. ஐயரும் அரவிந்தரும் அப்படித்தான். ஒரு பேரரசு இன்னொரு பேரரசுக்கு எதிராகப் போட்ட வேலி, நம் ஆட்களுக்கு நிழல் கொடுத்தது.

---

பட்டாசிட்டா | சனி, காலை 6.30

தம்பி மிஷன்வீதிக்காரனுக்கு ஒரு துணைச் சான்று. தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் அடங்கல் என்ற பயிர்க் கணக்குப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். மேலே வருடம் பசலியில் இருக்கும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை. பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருடம் வரும், எங்களுக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக் கொடுக்கும் கணக்கு. இந்த ஆண்டுமுறையை விளைச்சலுக்கும் வரிக்கும் ஒத்துவருகிற மாதிரி ஏற்படுத்தியது அக்பர் காலத்து முகலாய நிர்வாகம். ஆற்காட்டு நவாப் காலத்தில் நம் பக்கம் வேரூன்றியது. கம்பெனிக்காரன் வந்தான், மாற்றவில்லை. சுதந்திரம் வந்தது, மாற்றவில்லை. முகலாயர் அரண்மனை ஒன்றுகூட இல்லாத திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில், ஒரு சென்ட் கொல்லை வைத்திருக்கிற விதவையின் பயிர்க் கணக்கு அக்பர் ஏற்படுத்திய வருடத்தில் ஏறுகிறது.

தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி. இதில் ஒன்றும் தமிழ் இல்லை. ஆனால் இவை அந்நியம் என்று எந்த விவசாயியும் நினைப்பதில்லை. ஒவ்வொரு ஜமாபந்தியிலும் தாலுகா அலுவலக வேப்பமரத்தடியில் மனுவோடு நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். எந்த ராஜா காலத்துச் சடங்கில் நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றியதில்லை. முப்பது வருடம் எனக்கும் தோன்றவில்லை, உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் தோன்றியது.

---

கட்டுமரம் | சனி, காலை 11.20

மிஷன்வீதிக்காரன், நீங்கள் சுவரை லேசாக ஒதுக்கிவிட்டீர்கள். எனக்கு அது சம்மதமில்லை. நான் குருசுக்குப்பத்துப் பெண். மீன்பிடிக்கிற வீடு.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர் என்று ஊரைப் பிளந்தார்கள். இன்றைக்கும் அந்த வாய்க்கால் இருக்கிறது, அந்த வித்தியாசமும் இருக்கிறது. என் பாட்டி ரொமேன் ரொலான் வீதிப் பக்கம் ஒரு வீட்டில் வேலை செய்தார். முன்வாசல் வழியாக ஒரு நாளும் போனதில்லை. பின்பக்கம் ஒரு சின்னக் கதவு, அதன் வழியாகத்தான் மீன் கூடையும் போகும், பாட்டியும் போவார். இன்று அந்த வீடு தங்கும் விடுதி. ஒரு ராத்திரிக்கு அங்கே கேட்கிற பணம், என் அண்ணன் கடலுக்குப் போய் ஒரு வாரம் சம்பாதிப்பதைவிட அதிகம். பாரம்பரியம் என்று சொல்லிச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். எங்கள் குப்பத்தைக் கடல் அரித்துக்கொண்டு போகிறது, அதை யாரும் பாரம்பரியம் என்று சொல்வதில்லை. எது காப்பாற்றத் தகுந்தது, எது இல்லை என்று முடிவு செய்கிற கண் இருக்கிறதே, அதுதான் அவர்கள் விட்டுப் போனது. அந்தக் கண் இப்போது நம் ஆட்களிடம் இருக்கிறது.

ஆனால் ஒன்று. அந்த வீட்டு அடுப்படியிலிருந்து பாட்டி விவிக்காம் கேக் கற்றுக்கொண்டு வந்தார். ரவை, வெண்ணெய், நிறைய முட்டை, ரம்மில் ஊறவைத்த திராட்சை. எங்கள் வீட்டில் கேக் சுடுகிற ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மாவைக் கலந்து தட்டில் ஊற்றித் தலையில் வைத்துக்கொண்டு பேக்கரிக்குப் போவோம், ரொட்டி சுட்டு முடித்த விறகடுப்பில் அவர்கள் வைத்து எடுத்துக் கொடுப்பார்கள். கிறிஸ்துமஸ் என்றால் எனக்கு அந்த வாசனைதான். அது பிரெஞ்சா, போர்த்துகீசியமா, கிரியோலா என்று ஆராய எனக்கு ஆசையில்லை. அது என் பாட்டியின் கேக். அவர் கைக்கு வந்த பிறகு அது எங்களுடையது.

---

செருப்புச்சத்தம் | சனி, மாலை 4.45

காகிதம் குடும்பத்தைப் பிரித்தது என்று மூலப்பதிவு சொல்கிறது. காகிதம் ஒரு கதவையும் திறந்தது. அதையும் பதிவு செய்ய வேண்டும்.

1873-ல் பொன்னுத்தம்பி என்ற தமிழ் வக்கீல் புதுச்சேரி நீதிமன்றத்துக்கு ஐரோப்பியர் மாதிரி பூட்ஸ் போட்டுக்கொண்டு போனார். இந்தியன் அப்படி உள்ளே வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். அவர் அடங்கிப் போகவில்லை. பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயித்தார். 1881 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. யார் வேண்டுமானாலும் தன் சாதி, மதத்தை ஒட்டிய பழைய தனிநபர் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். துறந்தவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். துறக்கும்போது ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் லபோர்த். கதவு என்று பொருள்.

என் முப்பாட்டனார் சேரியில் பிறந்தவர். அவரும் எழுதிக் கொடுத்தார். ஊர் அவரை எந்தப் பெயரால் கூப்பிட்டதோ அந்தப் பெயரை ஒரு தாளில் விட்டுவிட்டு வெளியே வந்தார். அந்தத் தாளை வைத்து அவர் பிள்ளை சைகோனில் சுங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளைக்காரன் எங்கள் மேல் இரக்கப்பட்டுக் கொடுத்தான் என்று நான் நம்பவில்லை. அவனுக்குக் காலனிகளில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. துறந்த பிறகும் தேர்தலில் ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், ரெனோன்சானுக்கு ஒரு பட்டியல், மற்றவர்களுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்துத்தான் வைத்தான். ஆனாலும் என் முப்பாட்டனார் அந்தத் தாளை எடுத்துக்கொண்டது தன் புத்தியால். அதை அடிமை மனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அந்த ஆணை இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று இரண்டாவது பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது. 1963-ல் சேர்த்தது. எங்களுக்குப் பொருந்துவது நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டம். அதுவும், இந்த ஊரை விட்டுப் போனபோது அது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில். கணவன் அனுமதி இல்லாமல் மனைவி வேலைக்குப் போகலாம் என்ற திருத்தம் பிரான்சில் 1965-ல் வந்தது. அதற்குள் எங்களை விட்டுப் போய்விட்டார்கள்.

---

வலிகாமத்தான் | சனி, இரவு 8.10

செருப்புச்சத்தம் எழுதிய கடைசிப் பந்தியை வாசித்தவுடன் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கட யாழ்ப்பாணத்தில் அதே கதை, இன்னும் பழைய கதை.

1707-ல், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக, அதாவது மாகாண அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தமிழரின் வழக்கங்களை விசாரித்து எழுதினார். அதைத் தமிழில் மொழிபெயர்த்து 12 முதலியார்களுக்குக் காட்டிச் சம்மதம் வாங்கினார்கள். அதுதான் தேசவழமை. ஆங்கிலேயர் 1806-ல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அமுலில் இருக்கிறது. முதுசொம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணமான பிறகு தேடிய சொத்து) என்ற சொற்கள் எங்கட நீதிமன்றத் தீர்ப்புகளில் வருகின்றன. கேட்க எவ்வளவு அழகான தமிழ்! சின்ன வயதில் எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

பிறகு என் அக்காவுக்கு நடந்ததைப் பார்த்தேன். அக்கா வைத்தியர், கொழும்பில் வேலை. கணவன் பிரிந்துபோய்ப் பன்னிரண்டு வருடம். அப்பா சீதனமாக எழுதிக் கொடுத்த காணியை விற்க நினைத்தா. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த கட்டளைச் சட்டத்தில் அது தெளிவாக இருக்கிறது. இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போய் அனுமதி கேட்க வேண்டும். நொத்தாரிசு (பத்திரம் எழுதுபவர்) உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம் எழுத மறுத்துவிட்டார். அவரில் பிழை இல்லை, சட்டம் அப்படி.

பேச்சில் இருக்கும்வரை வழக்கம் மாறும். பெரியவர்கள் கூடி, இந்தப் பிள்ளை விஷயத்தில் இப்படிச் செய்வோம் என்பார்கள். தாளில் எழுதி முத்திரை குத்தியவுடன் அது அந்த வருடத்தோடு நின்றுவிடும். ஐசாக்ஸ் எழுதியது 1707-ல் யாழ்ப்பாணம் இருந்த விதம், அதுவும் அவர் யாரைக் கேட்டாரோ அவர்கள் சொன்ன விதம். 12 முதலியார்களில் ஒரு பெண்ணும் இல்லை.

வேடிக்கையாகச் சொல்லவில்லை, ஒல்லாந்து தன் உரோமன்-டச்சுச் சட்டத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைவிட்டுப் புதுச் சட்டத்துக்குப் போய்விட்டது. இலங்கையும் தென்னாபிரிக்காவும் இன்றைக்கும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்காரன் எறிந்த சட்டையை வாடகைக்கு இருந்தவன் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி. கந்தோர் (அலுவலகம்), கக்கூசு, நொத்தாரிசு எல்லாம் ஒல்லாந்துச் சொற்கள், பாண் (ரொட்டி) போர்த்துக்கேயச் சொல். அவற்றால் எங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. அக்காவின் காணிதான் நட்டம்.

---

மிஷன்வீதிக்காரன் | சனி, இரவு 9.50

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நன்றி.

செருப்புச்சத்தம், உங்கள் கோபம் நியாயம். நான் எங்கள் வீட்டு வருத்தத்தை மட்டும் வைத்து எழுதிவிட்டேன். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு நுழைவதற்கே உங்கள் முப்பாட்டனார் யோசித்திருக்க வேண்டிய காலம் அது. எங்களுக்கு இழப்பாகத் தெரிந்த அதே காகிதம் உங்கள் வீட்டில் வேறு பொருள் தந்திருக்கிறது. இதைப் படிக்காமல் எனக்கு அது உறைத்திருக்காது.

வலிகாமத்தான், உங்கள் அக்காவின் காணி என்ன ஆயிற்று?

---

வலிகாமத்தான் | சனி, இரவு 10.05

கோர்ட்டில் அனுமதி கிடைத்தது. இரண்டு வருடம் எடுத்தது. அதற்குள் வாங்க வந்தவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்.

---

பாரீஸ்புறநகர் | ஞாயிறு, மதியம் 2.30

எழுதிக் கொடுத்த வீட்டிலிருந்து ஒரு குரல். என் தாத்தாவும் சொல்தா. 1962-ல் எழுதிக் கொடுத்தவர். நான் புதுச்சேரியில் பிறந்து, பதினொரு வயதில் இங்கே வந்தேன்.

எங்கள் பக்கத்தில் எல்லாம் தேன் என்று நினைக்க வேண்டாம். முதல் அடி பெயரில் விழுந்தது. தமிழனுக்கு அப்பா பெயர் ஒன்று, தன் பெயர் ஒன்று. இங்கே குடும்பப் பெயர் என்று ஒன்று கட்டாயம் வேண்டும். என் அப்பாவின் பதிவில் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டது. சித்தப்பாவின் பதிவில் அவருடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயராக ஏறிவிட்டது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு இரண்டு குடும்பப் பெயர். உறவு நிரூபிக்க ஒவ்வொரு முறையும் கட்டுக் கட்டாகச் சான்றிதழ். அப்புறம் எழுத்து. நம் 'உ'வுக்கு அவர்கள் ஓ-வும் யூ-வும் சேர்த்து எழுதுவார்கள். முருகன் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிடும்போது, அது நானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்குப் போனபோது ஒன்று பார்த்தேன். 1848-ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டத்துக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளை அங்கே மலபார் என்கிறார்கள். தமிழ் பேசத் தெரியாது. ஆனால் கடைத்தெருப் பலகைகளில் ராமசாமி, முத்துசாமி என்று குடும்பப் பெயர்கள். கப்பல் குமாஸ்தா எந்த ஆளின் பெயரை எழுதினானோ அது அப்படியே உறைந்து இன்றுவரை நிற்கிறது. தீமிதியும் நடக்கிறது. ஒரு கடைக்காரர் என்னிடம், முத்துசாமி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

என் தாத்தாவைப் பற்றி ஒன்று. ஜூலை 14 வந்தால் பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவிடத்துக்குப் போவார். சாயங்காலம் நண்பர்களோடு பெத்தாங்க் என்ற இரும்புக் குண்டு விளையாட்டு விளையாடுவார். ஆனால் சைகோனில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அங்கே கற்றுக்கொண்டது ஒன்றைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார், அரிசித் தாளில் கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற பலகாரம். எங்கள் வீட்டு விசேஷத்தில் வடைக்குப் பக்கத்தில் அது இருக்கும். அவர் யாரோடு சண்டை போட்டாரோ அவர்களுடைய சாப்பாடு அது.

மிஷன்வீதிக்காரன், ஒரு கேள்வி. உங்கள் தாத்தா ஏன் எழுதிக் கொடுக்கவில்லை?

---

கட்டுமரம் | ஞாயிறு, மாலை 5.00

நானும் அதைக் கேட்க நினைத்தேன். அவர் மில்லில் வேலை செய்தவரா? 1936 ஜூலை 30-ல் மில் வேலைநிறுத்தத்தில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்கு அடுத்துத்தான் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பெயரைச் சொல்லும்போது எழுந்து நின்று சொல்வார்கள். முத்தியால்பேட்டையில் மில் குடும்பங்கள் நிறைய. அந்த ரத்தத்தைப் பார்த்தவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவாரா?

---

அரசலாற்றங்கரை | ஞாயிறு, மாலை 5.40

எங்கள் பக்கம் வேறு காரணம் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தால் கப்பலில் ஏற்றிப் பிரான்சுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். ஆறு மாதத் தவணை பற்றிச் செய்தியே போய்ச் சேராத கிராமங்களும் உண்டு. பிரெஞ்சில் எழுதி மேரிச் சுவரில் ஒட்டினால் கடைமடையில் யார் படிப்பார்கள்?

---

பட்டாசிட்டா | ஞாயிறு, இரவு 7.15

நிலம் காரணமாகவும் இருந்திருக்கலாம். வேறு நாட்டுப் பிரஜை ஆகிவிட்டால் நஞ்சை போய்விடுமோ என்ற பயம் சாதாரண பயம் இல்லை. அம்மாவைக் கேளுங்கள் தம்பி. இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

---

மிஷன்வீதிக்காரன் | செவ்வாய், இரவு 10.30

கேட்டேன்.

தாத்தா ரோடியர் மில்லில் வேலை செய்தவர்தான். கட்டுமரம் சொன்ன சம்பவத்தை அவர் பேசியதும் உண்டு. அதனால் அதுதான் காரணம் என்று அம்மா சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அம்மா இல்லை என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்தேதான் போயிருக்கிறார்கள். படிவம் இரண்டு வாங்கி வந்திருக்கிறார்கள். வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பேசியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது, தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு கேட்டாராம். பெரிய தாத்தா சொன்னதை அம்மா அப்படியே சொன்னார்: "எனக்கு ராணுவ பென்ஷன் இருக்குது, அதுக்காக நான் போட்டுத்தான் ஆகணும். நீ போடாதே. நாளைக்கு இவன் நம்மளை வேணாம்னா நான் இருக்கேன், அவன் வேணாம்னா நீ இரு."

அதாவது பேசி வைத்துப் பிரிந்திருக்கிறார்கள். எந்த அரசாங்கத்தையும் முழுதாக நம்பாமல், வீட்டுக்கு இரண்டு கால் வைத்திருக்கிறார்கள். பாகூர் நிலமும் முத்தியால்பேட்டை வீடும் தாத்தா பார்த்துக்கொள்வது, பென்ஷன் பணத்தில் ஒரு பங்கு தம்பி பிள்ளைகளுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென்ஷன் வரும் நாளில் பெரிய தாத்தா எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாராம், அது எனக்கு லேசாக ஞாபகம் இருக்கிறது. பணம் கொடுக்க வந்தார் என்பது தெரியாது. அம்மாவின் ஆசிரியப் பயிற்சிக்குக் கட்டிய பணம் அந்தப் பணம்.

நான் முதல் பதிவில் அந்தக் காகிதம் குடும்பத்தைப் பிரித்தது என்று எழுதினேன். அவர்கள் இரண்டு பேரும் இருந்தவரை அப்படி இல்லை. கல்யாண வீட்டில் இரண்டு பக்கமாக உட்கார்ந்தது அதற்கு அடுத்த தலைமுறை. அதில் நானும் உண்டு.

---

பாரீஸ்புறநகர் | புதன், அதிகாலை 1.10

இதைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை. அந்த வீடு இன்னும் இருக்கிறதா?

---

மிஷன்வீதிக்காரன் | புதன், காலை 7.05

இருக்கிறது. கிழக்குப் பக்க அறை அவர்களுடையது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அதற்கும் சேர்த்துத்தான் வெள்ளையடிப்போம். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. நேற்று ராத்திரி பெரிய தாத்தாவின் பேரனுக்குப் போன் போட்டேன். தை மாதம் வருகிறேன் என்றிருக்கிறான்.